காலநிலை மாற்றத்தின் உடல்நலக் கேடுகள் பற்றிய மக்கள் புரிதல் (சென்னை)

காலநிலை மாற்றத்தின் உடல்நலக் கேடுகள் பற்றிய மக்கள் புரிதல் என்பது, புவி வெப்பமடைவதால் உடலுக்கு நேரும் தீங்குகளைப் பொதுமக்கள் எப்படி அறிகிறார்கள், என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எதைக் காரணமாகக் கருதுகிறார்கள் என்பதைக் குறிக்கும். மருத்துவம், வானிலையியல், சமூகவியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் துறை இது. இக்கட்டுரை சென்னை நகரை, குறிப்பாகத் தென்சென்னைக் கடற்கரைப் பகுதியான பெசன்ட் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2030-க்கும் 2050-க்கும் இடையில் காலநிலை மாற்றத்தால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,50,000 கூடுதல் இறப்புகள் நேரக்கூடும். ஊட்டக்குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத் தாக்கம் ஆகிய நான்கு மட்டுமே இக்கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன. இந்த நான்கும் தமிழ்நாட்டு மக்களுக்குப் பழக்கமானவை. அவற்றுக்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்புதான் பலருக்குப் புதிது.

சொல்லில் உள்ள சிக்கல்

தமிழில் இதற்குக் காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம் என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாடு அரசின் துறை 2021 முதல் 'சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை' எனப்படுகிறது. செய்தித்தாள்களிலோ பருவநிலை மாற்றம் என்பதே மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'பருவநிலை மாற்றத்தால் காய்ச்சல் பரவுகிறது' என்று செய்தி வருவதுண்டு. அங்கே அது வெயில் காலம் போய் மழைக்காலம் வருவதை மட்டுமே குறிக்கிறது. அடுத்த பக்கத்திலேயே ஐ.நா. மாநாட்டுச் செய்தியிலும் அதே சொல் வருகிறது. ஆண்டுக்கொரு முறை இயல்பாக நிகழும் மாற்றத்துக்கும், நூறாண்டுகளில் மனிதர் எரித்த நிலக்கரி, பெட்ரோலால் ஏற்பட்ட மாற்றத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். 'பருவநிலை மாறினால் சளி பிடிக்கும், இதில் என்ன புதுமை' என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. இதனால் இக்கட்டுரையில் காலநிலை மாற்றம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இந்தியாவில் நடத்திய கருத்தாய்வு 2022-ல் வெளியானது. அதில் 54 விழுக்காட்டினர் புவி வெப்பமடைதல் பற்றித் தமக்குச் சிறிதளவே தெரியும் என்றோ, கேள்விப்பட்டதே இல்லை என்றோ கூறினர். நிறையத் தெரியும் என்றவர்கள் 9 விழுக்காட்டினரே. ஆனால் புவி வெப்பமடைதல் என்றால் என்ன என்று இரண்டு வரிகளில் விளக்கிய பிறகு கேட்டபோது, அது நிகழ்கிறது என்று 84 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். மக்களுக்கு அனுபவம் இருந்தது, அதற்கான பெயர் தெரியவில்லை என்றே இந்த முடிவைக் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே பெயரைப் பெரும்பாலோர் அறிவர். ஆயினும் 2014-ல் நடந்த ஒரு தேசிய ஆய்வில், காலநிலை மாற்றத்தால் விளையும் ஓர் உடல்நலக் கேட்டையாவது தாமாகச் சொல்ல முடிந்தவர்கள் நால்வரில் ஒருவர் அளவுக்கே இருந்தனர். பனிக்கரடியும் உருகும் பனிப்பாறையும் நினைவுக்கு வந்த அளவுக்குப் பக்கத்து வீட்டு முதியவரின் இதயம் நினைவுக்கு வரவில்லை.

பஞ்ச காலத்து நினைவு

மழை பொய்த்தால் நோய் வரும் என்பது தமிழகத்தில் பழைய அறிவு. 1876–78-ன் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பட்டினியால் இறந்தவர்களோடு, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்களும் ஏராளம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அக்கால்வாய் கொசுவுக்குப் பெயர் பெற்றிருப்பது வேறு கதை. அந்தப் பஞ்சம் இயற்கையான காலநிலை ஏற்ற இறக்கத்தாலும் அன்றைய ஆட்சியின் போக்காலும் நேர்ந்தது. இன்றைய மாற்றத்தோடு அதனை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் வானம் மாறினால் முதலில் சாவது யார் என்பதற்கு அதுவும் சான்றாகும்.

'சூடு' என்னும் கருத்து

வெப்பத்தால் வரும் கேடுகளைத் தமிழர் தம் மருத்துவ மரபின் வழியே புரிந்துகொள்கின்றனர். 'உடம்பு சூடு' என்பது வெப்பமானி காட்டும் காய்ச்சல் அன்று. நீர்க்கடுப்பு, வேர்க்குரு, கண் எரிச்சல், வாய்ப்புண், அக்கி, அம்மை ஆகியவை இந்தச் சூட்டின் வெளிப்பாடுகளாகக் கருதப்படுகின்றன. எண்ணெய்க் குளியல், நீர்மோர், பானகம், இளநீர், நுங்கு, வெந்தயம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை தணிப்பன. சித்திரை, வைகாசியில் வரும் அக்னி நட்சத்திரத்தின் 25 நாட்களில் வெளியே அலையக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் விதி. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது அறமாகக் கொள்ளப்படுகிறது.

இதில் பயனுள்ளது நிறைய உண்டு. நீர், உப்பு, நிழல், ஓய்வு என்ற நான்கையும் நவீன மருத்துவமும் வலியுறுத்துகிறது. நீர்மோரில் உப்புப் போட்டுக் குடிப்பது வியர்வையில் போன உப்பை ஈடுசெய்கிறது.

குறைகள் இரண்டு. ஒன்று, நாட்காட்டி. அக்னி நட்சத்திரம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்ற எண்ணம் இப்போது பொருந்துவதில்லை. கடும் வெப்பம் காரணமாகத் தமிழ்நாட்டில் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறப்பது 2023-ல் ஜூன் 12-க்கும், 2024-ல் ஜூன் 10-க்கும் தள்ளிப்போனது. மற்றொன்று, 'சூடு' என்பது மெல்ல ஏறி மெல்லத் தணிவதாகக் கருதப்படுகிறது. வெப்பத் தாக்கு எனப்படும் நிலை அப்படியன்று. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய அவசர நிலை. அப்போது மயங்கியவர் வாயில் மோரோ சோடாவோ ஊற்றக் கூடாது, புரையேறும். நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைத்து உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு அழைக்க வேண்டிய எண் 108.

கடற்கரை வெப்பம்

பெசன்ட் நகரில் வசிப்பவர்கள் 'எங்களுக்குக் கடற்காற்று உண்டு' என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்தால், அது கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். சென்னையில் வெப்பநிலை 40-ஐத் தாண்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான். நகரில் இதுவரை பதிவான உச்சம், 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி.

கடற்காற்று வந்தபின் வெப்பமானி இறங்கும், ஆனால் ஈரப்பதம் ஏறும். உடல் குளிர்வது வியர்வை ஆவியாவதால். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. துணி உலர்த்தும் எவருக்கும் இது தெரியும்: மதுரையில் ஒரு மணி நேரத்தில் காயும் வேட்டி, சென்னைக் கடற்கரையில் அரை நாள் ஆனாலும் ஈரம் போகாது. இதனை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவு உள்ளது. வெப்பமானியின் நுனியில் ஈரத் துணி சுற்றி அளப்பது இது. இந்த அளவு 35 டிகிரியை எட்டினால் மனித உடல் தாங்காது என்று முன்பு கருதப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகூடச் சோதனைகளில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கே 31 டிகிரி அளவில் திணறல் தொடங்கியது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதிப்படி, கடலோரப் பகுதியில் வெப்ப அலை அறிவிக்க உச்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். சென்னையில் மே மாதத்தின் வழக்கமே 37-ஐ ஒட்டியது. ஆகவே மே மாதத்தில் ஏறத்தாழ 41, 42 டிகிரி ஆனால்தான் 'வெப்ப அலை' என்ற பெயர் கிடைக்கும். ஈரப்பதத்துக்கு இந்த விதியில் இடமில்லை. தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் 34 எடுத்த மாணவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று பொருளல்ல. வெப்ப அலை அறிவிக்கப்படாத நாளும் அவ்வாறே.

மெரினா, 2024 அக்டோபர் 6

இந்திய விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி, 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினா கடற்கரையில் வான் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. காலை 11 முதல் பகல் 1 மணி வரை நடந்த இந்நிகழ்ச்சியைக் காணப் பல லட்சம் பேர் திரண்டனர். பலர் காலையிலேயே வந்து மணலில் இடம் பிடித்திருந்தனர். நிழல் இல்லை, குடிநீர் கிடைப்பது அரிதாயிற்று. முடிந்தபின் பறக்கும் ரயில் நிலையங்களிலும் காமராசர் சாலையிலும் நகர முடியாத நெரிசல். ஐந்து பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மயக்கமுற்றுச் சிகிச்சை பெற்றனர்.

அன்று சென்னையில் வெப்ப அலை அறிவிப்பு எதுவும் இல்லை. மாதமோ புரட்டாசி. அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்து நடந்த விவாதம் முழுவதும் ஏற்பாடுகளைப் பற்றியதாக இருந்தது: தண்ணீர் வைத்தார்களா, ரயில் விட்டார்களா, காவலர் போதுமா. இக்கேள்விகள் நியாயமானவை. அவற்றைக் கேட்காமல் 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்று சொல்லியிருந்தால், பொறுப்பானவர்கள் எளிதில் தப்பியிருப்பார்கள். ஆயினும் அக்டோபர் மாதத்து நண்பகலில், ஈரக் காற்றில், நான்கைந்து மணி நேரம் திறந்த மணலில் இருப்பது உயிருக்கு ஆபத்து என்ற எண்ணம் வந்தவர்களுக்கும் இல்லை, அழைத்தவர்களுக்கும் இல்லை. மக்கள் புரிதலில் உள்ள இடைவெளி என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

அம்மாத இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதன்படி வெப்பத் தாக்கால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் நிவாரணம் உண்டு.

எண்ணப்படாத இறப்புகள்

நிவாரணம் பெற, இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று சான்று வேண்டும். அங்கேதான் தடை. வெப்பம் தனியாக வந்து கொல்வது அரிது. அது ஏற்கெனவே உள்ள இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் மேல் ஏறி வருகிறது. வீட்டில் இறந்த முதியவருக்கு 'மாரடைப்பு' அல்லது 'முதுமை' என்றே சான்றிதழில் எழுதப்படும். குடும்பத்தாரும் அவ்வாறே நம்புவர்.

இதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் எண்ணுகின்றனர். அந்த மாதத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பர், இம்முறை எத்தனை பேர் இறந்தனர் என்று ஒப்பிட்டு, மிகுதியைக் கணக்கிடுவர். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் அடித்த வெயிலில் இவ்வாறு 1,344 மிகை இறப்புகள் கணக்கிடப்பட்டன. அதன் விளைவாக 2013-ல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் வந்த மதிப்பீடு, அத்திட்டத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகக் கூறுகிறது.

'இந்த ஒருவர் காலநிலை மாற்றத்தால்தான் இறந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்' என்பது அடிக்கடி எழும் கேள்வி. தனி ஒருவரைக் காட்டிச் சொல்ல இயலாது. ஒரு பள்ளியில் வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 20 பேர் கூடுதலாகத் தேர்ச்சி பெற்றால், அந்த 20 பேர் யார் என்று விரல் நீட்ட முடியாது, ஆனால் 20 என்ற எண் உண்மை. 2022-ல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மார்ச், ஏப்ரலில் நிலவிய வெப்பம், காலநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 30 மடங்கு நேரக்கூடியதாக ஆகிவிட்டது என்று ஆய்வாளர் குழு ஒன்று கணித்தது. அதுவும் இத்தகைய கணக்குதான்.

வேலை செய்பவர் உடல்

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களிடையே வெப்பத்தின் விளைவுகளைப் பல ஆண்டுகளாக அளந்து வருகின்றனர். உப்பளத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டனர். கருவுற்ற பெண்கள் 800 பேரிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவு முதலிய ஆபத்துகள் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன. வயல், செங்கல் சூளை, உப்பளம் ஆகிய இடங்களில் வேலை செய்த பெண்கள் இதில் இருந்தனர். கரு கலைந்ததற்கு 'அலைச்சல்', 'பாரம் தூக்கியது', 'திருஷ்டி' என்று பலவும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. வெயில் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

அதே ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, பணியிடத்தில் கழிப்பறை இல்லாமையைப் பற்றியது. கழிப்பறை இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கின்றனர். வெயிலில் அது நீர்ச்சத்துக் குறைவுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இட்டுச் செல்கிறது. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற அறிவுரை அப்பெண்களுக்குத் தெரியாததல்ல. குடித்தபின் எங்கே போவது என்பதே அவர்கள் கேள்வி. மக்கள் புரிதலைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. அறியாமை என்று வெளியார் கருதுவது பல நேரங்களில் வசதியின்மையே.

பெசன்ட் நகரில் இந்த வேறுபாட்டை ஒரு கிலோமீட்டருக்குள் பார்க்கலாம். எலியட்ஸ் கடற்கரையில் அதிகாலையில் நடைப்பயிற்சி செய்வோர் ஏழு, எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவர். கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் ஆகியவற்றின் மீனவர்களுக்கு அப்போதுதான் கரைவேலை. வலையிலிருந்து மீன் எடுப்பது, வலை சீர் செய்வது, சாலையோரம் அமர்ந்து மீன் விற்பது எல்லாம் வெயிலில். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவுக்கு நகரின் பல பகுதிகளிலிருந்து காவி உடையில் வெறுங்காலோடு நடந்து வருவோரும் உண்டு. வழியெங்கும் மக்கள் நீரும் மோரும் கொடுப்பது இங்கே நிலைத்த வழக்கம்.

மீனவர்களின் காலநிலை அறிவு தனியே ஆராயத்தக்கது. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து, எந்த மாதத்தில் எது வீச வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள். காற்று தவறிய காலத்தில் வீசுவதைக் கருவிகளுக்கு முன்பே கவனிக்கின்றனர். ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்புகள் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளன.

கொசுவும் வெள்ளமும்

டெங்குவைப் பற்றிய விழிப்புணர்வு தமிழ்நாட்டில் அதிகம். 2012, 2017 ஆண்டுகளின் பரவலுக்குப் பின் நிலவேம்புக் குடிநீர் வீட்டுப் பெயராகிவிட்டது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றைக் கவிழ்க்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் டெங்குவை 'சுகாதாரக் குறைவு' என்று மட்டுமே பலர் கருதுகின்றனர். கொசுவின் உடலில் வைரசு பெருகிப் பிறருக்குப் பரவும் நிலையை அடைய எடுக்கும் நாட்கள், வெப்பம் கூடும்போது குறைகின்றன. ஆகவே அதே எண்ணிக்கையிலான கொசுக்களாலும் கூடுதலாகப் பரப்ப முடியும். வறட்சியும் இதற்குத் துணை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ல், வீடுதோறும் குடங்களிலும் பிளாஸ்டிக் டிரம்களிலும் நீர் சேமிக்கப்பட்டது. மூடாத ஒவ்வொரு டிரம்மும் கொசுவுக்குத் தொட்டில். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவும் மாடித் தொட்டிகளையும் கிணறுகளையும் விரும்புவது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, 2015 டிசம்பர் முதல் நாள் சென்னைவாசிகளுக்கு மறக்க முடியாதது. அடையாறு கரை புரண்டதில் மூழ்கி இறந்தோரை எல்லோரும் எண்ணினர். மின்சாரம் நின்றதால் டயாலிசிஸ் தவறியவர், இன்சுலின் கெட்டுப்போனவர், வெள்ள நீரில் நடந்து எலிக்காய்ச்சல் கண்டவர் ஆகியோர் வெள்ளக் கணக்கில் வருவதில்லை. காலில் புண் இருக்கையில் தேங்கிய நீரில் நடக்கக் கூடாது, நடக்க நேர்ந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் வெள்ள நீரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அரசு நடவடிக்கைகள்

காலநிலை மாற்றமும் மனித உடல்நலமும் குறித்த தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கப்பட்டது. பெருநகர சென்னை மாநகராட்சி 2023-ல் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மாநிலத் திட்டக் குழு வெப்பத் தணிப்பு உத்தி ஒன்றை வகுத்துள்ளது. 2025-ல் உணவு, பொருள் கொண்டுசேர்க்கும் ஊழியர்களுக்காக அண்ணா நகர், தியாகராய நகர் பகுதிகளில் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளை மாநகராட்சி அமைத்தது. அவற்றில் கழிப்பறையும் உண்டு.